உப்பும் சர்க்கரையும் கைகோத்துப் புகும் வாயில்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. குறளும் சிலம்பும் கம்பனும் ஒலிக்கும் இம்மேடையில், உயிரணுவின் சவ்வைப்பற்றிப் பேச நாம் எழுந்து நிற்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சவ்வு என்றதும் சவ்வரிசிப் பாயசத்தை நினைப்பவர்களும் இவ்வவையில் இருக்கக்கூடும். ஆயினும், கண்ணுக்குத் தெரியாத அச்சவ்வின் வழியே எது போகிறது, எது வருகிறது, எப்படி வருகிறது என்பதை மனிதன் அறிந்துகொண்டதனால் பிழைத்த உயிர்கள் பல இலட்சம். அதை அறியாதிருந்த காலத்தில் மாண்டவர்களுக்குக் கணக்கே இல்லை. ஆகவே இப்பொருள் விழா மேடைக்கு உரியதே என்று துணிந்தோம்.

நூலிலிருந்து தொடங்காமல் எங்கள் இல்லத்திலிருந்தே தொடங்குகிறோம். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன்னர் வட ஆர்க்காட்டு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பிழைப்பை நாடி இப்பெங்களூர் நகருக்கு வந்தது. வருவதற்கு முந்தைய ஆண்டு ஊரில் வாந்திபேதி கண்டது. எங்கள் பாட்டனாரின் மூத்த மகள், ஏழு வயதுச் சிறுமி, காலையில் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தவள், மறுநாள் பொழுது விடியுமுன் மறைந்துவிட்டாள். இரவு முழுதும் "தண்ணீர், தண்ணீர்" என்று கேட்டாளாம். "கொடுத்தால் இன்னும் போகும்" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுத்துவிட்டார்களாம். எங்கள் பாட்டியார் தம் எண்பதாம் வயதிலும் இதைச் சொல்லும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். "கேட்ட தண்ணீரைக் கொடுத்திருக்கலாம், நாக்காவது நனைந்திருக்கும்" என்பார்.

அப்பெரியவர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்கள் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள். குடித்த நீர் குடித்தபடியே வெளியேறிற்று. உடலோ வற்றிக்கொண்டே போயிற்று. குளத்தில் ஊற்றிய நீர் குளத்தில் தங்க வேண்டாமா? ஏன் தங்கவில்லை? இந்த ஒரு வினாவுக்கு விடை காண மருத்துவ உலகுக்கு 1960-ஆம் ஆண்டுக்குப் பின்னும் சில காலம் வேண்டியிருந்தது. அவ்விடை குடலின் உயிரணுச் சவ்வில் மறைந்திருந்தது.

வீடும் மதிலும்

நம் உடல் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி உயிரணுக்களால் ஆனது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வோர் உயிரணுவும் ஒரு வீடு. வீட்டுக்கு மதில் உண்டு. அம்மதிலே சவ்வு. ஒரு மில்லிமீட்டரை இலட்சம் கூறு செய்தால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவு பருமன்கூட அச்சவ்வுக்கு இல்லை. ஆனால் அது அறுந்தால் உயிரணு இல்லை. உயிரணு இல்லையேல் உயிரும் இல்லை.

இம்மதில் எதனால் ஆனது? 1925-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு விஞ்ஞானிகளான கார்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர் ஓர் எளிய சோதனை செய்தனர். இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து நீரின்மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பினர். அப்படலத்தின் பரப்பு அணுக்களின் மேற்பரப்பைப்போல் இருமடங்கு இருந்தது. ஆகவே சவ்வு என்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு என்று கண்டனர். பின்னர் 1972-இல் சிங்கர், நிக்கல்சன் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் அக்கொழுப்பு அடுக்கில் புரதங்கள், குளத்தில் மிதக்கும் தெப்பங்களைப்போல், மிதந்தும் ஊடுருவியும் நிற்கின்றன என்று விளக்கினர். மதில் கொழுப்பு, மதிலில் உள்ள வாயில்கள் புரதம். இந்த ஒன்றை நினைவில் கொண்டால் இனிச் சொல்லப்போவது அனைத்தும் எளிதில் விளங்கும்.

எண்ணெயும் நீரும் ஒட்டா என்பதை நம் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. கொழுப்பு மதிலில் பிராணவாயுவும் கரியமிலவாயுவும் தடையின்றிப் புகுந்து வெளியேறும். நீர் ஓரளவு கசியும். நீரில் கரைந்த உப்போ சர்க்கரையோ மதிலைத் துளைத்துப் புக முடியாது. அவற்றுக்கு வாயில் வேண்டும்.

நீரின் இயல்பு ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். உலர்ந்த திராட்சையை நீரில் ஊறப்போட்டால் பருத்துவிடுகிறது. நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவி வைத்தால் சிறிது நேரத்தில் நீர் விட்டுக்கொள்கிறது. முன்னதில் நீர் உள்ளே போயிற்று. பின்னதில் நீர் வெளியே வந்தது. உப்பும் சர்க்கரையும் எந்தப் பக்கம் மிகுந்திருக்கின்றனவோ அந்தப் பக்கம் நீர் சாயும். இதனைச் சவ்வூடு பரவல் என்பர். 1748-ஆம் ஆண்டிலேயே நொல்லே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பன்றியின் சிறுநீர்ப்பையைச் சவ்வாகக் கொண்டு இதனைக் கண்டு எழுதினார். நம் ஊறுகாய்ச் சாடிகள் அதற்கும் வெகுகாலம் முன்பே இப்பாடத்தை நடத்திவந்தன என்பது வேறு செய்தி. நீர் தானாக எங்கும் போவதில்லை. உப்பின் பின்னாலும் சர்க்கரையின் பின்னாலும் போகிறது என்பதே நாம் கொள்ள வேண்டிய உண்மை.

வாயில்களின் வகை

வாயில்களில் சில திறந்த கால்வாய் போன்றவை. நீருக்கென்றே தனிக் கால்வாய் உண்டு என்பதைப் பீட்டர் ஏகர் கண்டறிந்தார். பொட்டாசியம் செல்லும் கால்வாயின் உருவை ராடரிக் மெக்கின்னன் 1998-இல் படம்பிடித்துக் காட்டினார். இருவரும் 2003-ஆம் ஆண்டின் நோபல் பரிசை வேதியியலுக்காகப் பகிர்ந்துகொண்டனர்.

வேறு சில வாயில்கள் ஏற்றம் போன்றவை. பள்ளத்திலிருந்து மேட்டுக்கு நீரை இறைப்பதற்கு ஆள் உழைக்க வேண்டும் அன்றோ? அதுபோல் உழைத்து இறைக்கும் ஒரு புரதத்தை டென்மார்க்கு நாட்டு ஜென்ஸ் ஸ்கூ என்பவர் நண்டின் நரம்பில் ஆராய்ந்து 1957-இல் வெளியிட்டார். அது ஒவ்வொரு முறையும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. நாம் ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் இவ்வேற்றம் ஓய்வதில்லை. நாம் உண்ணும் உணவின் ஆற்றலில் ஒரு பெரும் பகுதி இவ்விறைப்புக்கே செலவாகிறது. ஸ்கூவுக்கு நோபல் பரிசு 40 ஆண்டுகள் கழித்து, 1997-இல் கிடைத்தது.

இவையெல்லாம் கடல் கடந்த நாடுகளில் மட்டும் நடந்த ஆராய்ச்சி என்று எண்ண வேண்டா. நம் நகரின் இந்திய விஞ்ஞானக் கழகத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன் மூலக்கூற்று உயிர்ப்பௌதிகத் துறையைத் தோற்றுவித்தார். அத்துறையில் பேராசிரியர் பி. பலராமும் அவருடைய மாணவர்களும் அலமெதிசின் என்னும் பொருளை ஆராய்ந்தனர். அது ஒரு பூஞ்சைக்காளான் உண்டாக்கும் சிறு புரதத்துண்டு. பல துண்டுகள் ஒன்றுகூடிச் சவ்வில் துளையிட்டு, உப்பணுக்களைத் தாறுமாறாகப் பாயவிடும். வாயிற்காவலன் இல்லாத துளை எவ்வாறு வீட்டை அழிக்கும் என்பதற்கு அஃது ஓர் எடுத்துக்காட்டு.

குடலில் நடக்கும் வரவு செலவு

இனிக் குடலுக்கு வருவோம். நாள் ஒன்றுக்கு நாம் உணவோடும் பானத்தோடும் உட்கொள்ளும் நீர் ஏறத்தாழ 2 லிட்டர். உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல்நீர் என்று உடலே குடலுக்குள் சுரப்பது ஏறத்தாழ 7 லிட்டர். ஆக ஒன்பது லிட்டர் நீர் நாள்தோறும் குடலுக்குள் புகுகிறது. மலத்தோடு வெளியேறுவதோ 100 முதல் 200 மில்லி லிட்டர். மீதி அனைத்தையும் குடல் திரும்ப உறிஞ்சி இரத்தத்துக்கு அளித்துவிடுகிறது. இவ்வளவு கண்டிப்பான கணக்குப்பிள்ளை எந்த மண்டியிலும் இல்லை.

உறிஞ்சுவது எப்படி? உப்பு முன்னே செல்ல, நீர் பின்னே செல்கிறது. குடலில் உப்பு உள்ளே புகுவதற்குப் பல வாயில்கள் உண்டு. அவற்றுள் ஒன்றின் மறையை 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் கூடிய விஞ்ஞான மகாநாட்டில் இராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்கர் வெளியிட்டார். சர்க்கரைக்கும் சோடியத்துக்கும் குடலில் ஒரு பொது வாயில் உண்டு. அவ்வாயிலில் இருவரும் ஒன்றாகவே நுழைகின்றனர் என்பது அவர் கூற்று. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோசும் சேர்ந்து வந்தால் அப்புரதம் உருமாறி அவற்றை உள்ளே விடுகிறது. 1987-இல் எர்னஸ்ட் ரைட்டும் அவருடைய குழுவினரும் அவ்வாயிற்புரதத்தின் மரபுக் குறிப்பையே பிரித்தெடுத்துக் கிரேன் கூறியதை உறுதிசெய்தனர்.

நம் போன்றோர்க்கு இது புதிய செய்தி அன்று. முன்பின் அறியாத நகருக்கு வந்த நம் முன்னோர் எப்படி உள்ளே புகுந்தனர்? மில்லிலோ பட்டறையிலோ முன்னமே வேலை பார்த்த மாமனோ ஊர்க்காரரோ கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். தனியே வந்தவன் வாயிலில் நின்றான். துணையோடு வந்தவன் உள்ளே சென்றான். உப்புக்குச் சர்க்கரை அத்தகைய துணை. இருவரும் உள்ளே சென்றபின், குடும்பம் பின்தொடர்ந்து வருவதுபோல், நீர் பின்தொடர்ந்து வருகிறது.

நோய் செய்யும் சூழ்ச்சி

வாந்திபேதியின் கிருமியை 1884-இல் கல்கத்தாவில் தனியே பிரித்துக் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் காக். ஆயினும் அக்கிருமி எவ்வாறு கொல்கிறது என்பது அதன்பின் 75 ஆண்டுகள் விளங்கவில்லை. அதனை விளக்கியவர் நம் நாட்டவர். கல்கத்தாவின் சம்புநாத் தே, முயலின் குடற்பகுதியைக் கட்டி அதனுள் கிருமியைச் செலுத்தி ஆராய்ந்தார். 1959-இல், கிருமியை முற்றும் வடிகட்டி நீக்கிய சாறு மட்டுமே குடலில் நீரைப் பெருகச் செய்கிறது என்று மெய்ப்பித்தார். கிருமி குடலைத் தின்பதில்லை. ஒரு நஞ்சை உமிழ்கிறது. அந்நஞ்சு குடலின் வாயில்களைக் குலைக்கிறது என்பது இதனால் தெரிந்தது.

இத்துணைப் பெரிய கண்டுபிடிப்பைச் செய்தவர் தம் நாட்டில் உரிய சிறப்பைப் பெறாமலே 1985-இல் காலமானார். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவர் பெயரை அப்பரிசுக்கு ஒருமுறைக்கு மேல் முன்மொழிந்திருந்தார். நம் பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயின்ஸ்' என்ற விஞ்ஞான இதழ் 1990-இல் அவருக்கென ஒரு சிறப்பிதழ் வெளியிட்டுக் கடன் தீர்த்தது. காலம் கடந்த நன்றியாயினும் அந்த நன்றி நம் நகரிலிருந்து சென்றது என்பதில் நாம் மகிழலாம்.

அந்நஞ்சு செய்வது இதுதான். உயிரணுவினுள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் ஏவற்பொருள் ஒன்று உண்டு. நஞ்சு அதனை அளவின்றிப் பெருக்குகிறது. அதன் ஏவலால் குளோரைடு வெளியேறும் கால்வாய் திறந்து, திறந்தபடியே நின்றுவிடுகிறது. குளோரைடு வெளியே பாய, சோடியம் அதனைப் பின்பற்ற, நீர் இரண்டையும் பின்பற்றிக் குடலுக்குள் கொட்டுகிறது. அதே வேளையில் சாதாரண உப்பு உள்ளே புகும் வாயில் அடைபடுகிறது. கடுமையான நோயில் மணிக்கு ஒரு லிட்டர் அளவும் நீர் போய்விடக்கூடும். வெறும் நீரைக் கொடுத்தால் அது தங்குவதற்கு வழி இல்லை. உப்புநீரைக் கொடுத்தாலும் உப்பு புக வாயில் இல்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கண்டது இதைத்தான்.

ஆனால் பகைவன் ஒரு வாயிலை மட்டும் மறந்துவிட்டான். சர்க்கரையும் உப்பும் கைகோத்துப் புகும் வாயிலை அந்நஞ்சு தீண்டுவதில்லை. கோட்டை முழுதும் பிடிபட்ட பின்னும் ஒரு திட்டிவாசல் திறந்திருக்கிறது. அதன் வழியே உணவு கொண்டு சென்றால் கோட்டை பிழைக்கும்.

கண்டவர்களும் செய்தவர்களும்

இத்தத்துவம் தெரிவதற்கு முன்பே, 1953-இல், கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி 186 நோயாளிகளுக்குக் குளுக்கோசும் உப்பும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் குணப்படுத்தியதை 'லான்செட்' இதழில் எழுதினார். கற்பூரவள்ளி இனத்து இலைச்சாற்றையும் அவர் பயன்படுத்தினார். உலகம் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. ஏன் அது பலிக்கிறது என்ற காரணம் அப்போது எவர் கையிலும் இல்லை. காரணம் தெரியாத உண்மைக்கு மதிப்புக் குறைவு.

கிரேனின் வாயில் தெரிந்தபின் நிலைமை மாறிற்று. 1968-இல் டாக்காவில் டேவிட் நலின், ரிச்சர்ட் காஷ் என்னும் இளம் மருத்துவர்கள், வாய்வழி நீரால் ஊசிவழி நீரின் தேவையை நூற்றுக்கு எண்பது பங்கு குறைக்கலாம் என்று காட்டினர். இருந்தும் மருத்துவமனைக்கு வெளியே, படித்த தாதியர் இல்லாத இடத்தில் இது ஆகுமா என்று பலர் ஐயுற்றனர்.

அவ்வையத்தைத் தீர்த்த ஆண்டு 1971. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் இலட்சக்கணக்கில் இந்திய எல்லைக்குள் வந்து குவிந்தனர். எல்லையோர ஊரான பன்காவ் மருத்துவமனையில் வாந்திபேதிக்கென இரண்டு அறைகளும் 16 கட்டில்களுமே இருந்தன. நோயாளிகள் தரையிலும் நடையிலும் கிடந்தனர். அங்கே பணிக்குச் சென்ற மருத்துவர் திலீப் மகாலனபிஸ் கையிலிருந்த ஊசிவழி உப்புநீர் சில நாட்களில் தீரும் நிலைக்கு வந்தது. அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோசு 22 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், சோடா உப்பு 2.5 கிராம் என்ற அளவில் பொட்டலங்கள் கட்டச் செய்தார். பீப்பாய்களில் கரைத்து வைத்து, நோயாளியின் தாயோ தமையனோ முகந்து ஊட்டுமாறு செய்தார். அதற்கு முன் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துவந்த இடத்தில் இறப்பு 3.6 ஆகக் குறைந்தது. காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் மருத்துவர்கள் அல்லர், உறவினர்களே. ஏட்டில் ஒரு விஞ்ஞானி வரைந்த வாயில், தகரக் குவளை ஏந்திய ஒரு தாயின் கைக்கு வந்து சேர பதினோரு ஆண்டுகள் ஆயின.

இம்முறையை உலகச் சுகாதார நிறுவனம் பின்னர் உலகெங்கும் பரப்பிற்று. இந்நூற்றாண்டின் தலைசிறந்த மருத்துவ முன்னேற்றம் இதுவாகலாம் என்ற கருத்தை 'லான்செட்' இதழே 1978-இல் எழுதியது. அது குறித்தது இருபதாம் நூற்றாண்டை. மகாலனபிஸ் 2022-இல் மறைந்தார். மறுஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவித்தது.

வேலூரும் கஞ்சியும்

எங்கள் பாட்டனார் பிறந்த மாவட்டத்திலேயே, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், இதன் அடுத்த படி ஏறப்பட்டது என்பது எங்களுக்குத் தனி மகிழ்ச்சி. பேராசிரியர் பி. எஸ். இராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவினரும் வாந்திபேதி கண்ட 48 பேரிடம் நடத்திய ஆய்வை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சிறுகுடலில் எளிதில் செரிக்காத மாவுப்பொருளை அந்நீரோடு சேர்த்துக் கொடுத்தால், அது பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள நல்ல நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பமிலங்களாக்குகின்றன. அவற்றைப் பெருங்குடல் உறிஞ்சும்போது அவற்றோடு சோடியமும் நீரும் சேர்ந்து உள்ளே செல்கின்றன. சிறுகுடலில் ஒரு துணை. பெருங்குடலில் மற்றொரு துணை. அவ்வாறு கொடுத்தவர்களுக்குக் கழிச்சலின் அளவும் குறைந்தது. அது நீடித்த காலமும் குறைந்தது.

அரிசிமாவைக் கொண்டு செய்த நீரும் வாந்திபேதியில் பயன் தருவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. மாவுப்பொருள் குடலில் மெல்ல மெல்லச் சர்க்கரையாக உடைந்து, அதே வாயிலுக்கு ஓயாமல் துணையாட்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. நம் வீட்டு உப்புக்கஞ்சி இத்தத்துவத்துக்கு வெகு தொலைவில் இல்லை.

இதை அறிந்த நாள்முதல் ஓர் எண்ணம் எங்களை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அன்றிரவு எங்கள் பாட்டியார் வீட்டு அடுக்களையில் உப்பு இருந்தது. வெல்லம் இருந்தது. அடுப்பில் கஞ்சியும் இருந்திருக்கும். கிணற்றில் நீரும், காய்ச்ச விறகும் இருந்தன. வாங்க வேண்டிய மருந்து ஒன்றும் இல்லை. இவற்றை இன்ன அளவில் கலந்தால் குடலில் ஒரு வாயில் திறக்கும் என்ற செய்தி ஒன்றுதான் அவ்வீட்டில் இல்லை. அச்செய்தி அன்று உலகில் எந்த வீட்டிலும் இல்லை. ஆகவே அவர்கள்மேல் குற்றமில்லை. இன்று அது எல்லா ஊரிலும் இருக்கிறது. இன்றைக்கு ஒரு குழந்தை அவ்வாறு வற்றி இறந்தால் யார்மேல் குற்றம்?

இன்று நாம் செய்யத்தக்கது

இவ்வினா வெறும் அணிக்காகக் கேட்டதன்று. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 61 பேருக்கே இவ்வுப்புச் சர்க்கரைப் பொட்டலம் கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு அது கிட்டவில்லை. கடையிலும் சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் பொருள் வீட்டு வாயிலில் நின்றுவிடுகிறது. அறிவுக்கும் ஒரு துணை வேண்டும்போலும்.

அளவையும் சொல்லிவிடுகிறோம். 2002 முதல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் பொட்டலத்தில், ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோசு 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம் உள்ளன. பன்காவில் கொடுத்ததைவிடச் சர்க்கரையும் உப்பும் குறைவு. செறிவு குறைந்தால் குடல் இன்னும் எளிதாக உறிஞ்சுகிறது என்பது பிற்கால ஆய்வில் தெரிந்தது. பொட்டலத்தில் எவ்வளவு நீர் என்று அச்சிட்டிருக்கிறதோ அவ்வளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். ஒரு நாளைக்குமேல் வைத்திருக்கலாகாது.

பொட்டலம் கிட்டாத வேளையில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். நம் சர்க்கரை குடலில் உடைந்து குளுக்கோசைத் தரும். கூடுதலாகப் போட்டால் கூடுதல் நன்மை என்று எண்ணற்க. உப்பு மிகுந்தால் குழந்தைக்குக் கேடு. சர்க்கரை மிகுந்தால், மாங்காய்த் துண்டில் கண்டதுபோல், நீர் உடலிலிருந்து குடலுக்கே இழுக்கப்பட்டுப் பேதி பெருகும்.

இதனால்தான் கடையில் விற்கும் இனிப்புப் பானங்களை இந்நோய்க்குக் கொடுக்கக்கூடாது. சர்க்கரை மிகுந்த சில பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற மூன்றெழுத்தைத் தம் பெயரில் தாங்கி மருந்துபோல் விலைபோயின. குழந்தை மருத்துவர் ஒருவர் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில், இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் அவ்வெழுத்துக்களை அத்தகைய பானங்களின் பெயரில் வைக்கலாகாது என்று ஆணையிட்டது. தாய்மார்கள் பெயரைப் பாராது, உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு என்று பொட்டலத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை கழிந்தபின்னும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட சிறுவர்க்கு 100 முதல் 200 மில்லி கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துத் தேக்கரண்டியால் மெல்லப் புகட்ட வேண்டும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. துத்தநாக மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் 10 முதல் 14 நாள் வரை கொடுப்பர். குழந்தை குடிக்க இயலாமல் சோர்ந்து கிடந்தாலும், கண் குழிந்தாலும், சிறுநீர் நின்றாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் வீட்டில் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அங்கே சிரைவழி நீர் கொடுப்பார்கள். வாய்வழி நீர் அதற்கு எதிரி அன்று, வழித்துணை.

பெரியோர்களே! நம் சங்கத்து உறுப்பினர் பலர் வீடுகளில் வேலை செய்யும் பெண்டிர், கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கும் குடும்பங்கள், நேற்று வந்து இறங்கியவர்கள், இந்நகரில் எத்தனையோ பேர். லாரித் தண்ணீரும் பிளாஸ்டிக் குடமுமே அவர்களுடைய குடிநீர். நம் பாட்டன்மார் வந்தபோது இருந்த நிலையில் அவர்கள் இன்று இருக்கிறார்கள். அவர்கள் தமிழரா, கன்னடரா, வங்கத்தாரா என்று அக்கிருமி கேட்பதில்லை. நாமும் கேட்க வேண்டா. ஒவ்வோர் இல்லத்திலும் நான்கு பொட்டலங்கள் வாங்கி வைப்போம். இரண்டு நமக்கு, இரண்டு அவர்களுக்கு. கரைக்கும் முறையை ஒரு முறை அவர்கள் எதிரில் செய்தும் காட்டுவோம். சங்கத்தின் இவ்வாண்டுப் பணிகளில் இதுவும் ஒன்றாக இருக்கட்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் பாட்டியார் ஒரு வாய்த் தண்ணீருக்காகக் கடைசிவரை வருந்தினார். அத்தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பும் சிறிது இனிப்பும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதை அவரிடம் சொல்ல எங்களுக்கு வாய்க்கவில்லை. ஆகவே உங்களிடம் சொல்கிறோம். பேதியில் தண்ணீர் கேட்கும் குழந்தைக்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் இந்தத் தலைமுறையோடு ஒழியட்டும்.